நாற்பதாம் நம்பர் உடம்பு

பனியனைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினார் கிட்டுசாமி. முதலாளி சாமியப்பன் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வயிற்றுப் பக்கம் துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். துணி தாராளமாக வந்தது.

"ஏப்பா கிட்டு, இதென்ன தொளதொளன்னு கெடக்குது?"

கிட்டுசாமிக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. முகத்தில் காட்டாமல், "ஆமாங்க, கொஞ்சம் தொளதொளப்பாத்தான் இருக்குதுங்க" என்றார்.

அது 1961. திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் கிட்டுசாமி பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங் பார்த்து வந்தார். அதைவிட முக்கியமான வேலை, கம்பெனிக்கு உடம்பு கொடுப்பது. நாற்பது அங்குலச் சரக்கு எது தயாரானாலும், நம்பர் சீட்டு ஒட்டி வரும் முதல் பனியன் அவர் மேல்தான் ஏறும். சரியாக உட்கார்ந்தால்தான் மீதி சரக்கு மடிப்புக்குப் போகும்.

"டேப்பு துணியத்தான் அளக்கும். கிட்டுசாமிதான் மனுசன அளப்பான்" என்பார் முதலாளி. கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து கழுத்தில் தொங்கிய டேப்பை அவர் ஒருநாளும் மதித்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள், மேல்மாடிக்கு ஒரு பண்டலைத் தூக்கிக்கொண்டு போனபோது கிட்டுசாமிக்கு மூச்சு நின்றுவிடும் போலானது. பாதிப் படியில் உட்கார்ந்தவருக்குக் கால்மணி நேரம் பேச்சு வரவில்லை. டாக்டர் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு, "வயசென்ன?" என்றார்.

"நாப்பத்திமூணுங்க."

"அப்பா இருக்காரா?"

"நாப்பத்தஞ்சுல போயிட்டாருங்க. மாரடைப்பு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பட்டினி கெடக்க வேண்டாம். சோத்தக் கொறச்சு, கொள்ளு, பருப்பு, கீரையக் கூட்டுங்க. தெனமும் நடக்கணும். நடந்தா மட்டும் பத்தாது, தண்டால் எடுக்கணும், உக்காந்து எந்திரிச்சு பஸ்கி போடணும். உடம்புல பலம் ஏறுனா கொழுப்பு தானா எறங்கும். மருந்து அப்புறம் பாக்கலாம்."

கிட்டுசாமிக்கு எட்டு வயதில் ஒரே மகள். அவள் முகம்தான் அன்று வழி முழுக்க வந்தது.

மறுநாள் விடிகாலை நொய்யல் கரையில் நடந்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தண்டால் எடுத்தார். கீழே போனார். மேலே வரவில்லை. மனைவி சாரதாமணி வந்துதான் தூக்கிவிட்டாள். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இருவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐம்பது நாள் இப்படியே போனது. ஒற்றைத் தண்டால் ஆறானது. வயிறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"நாளைல இருந்து என்னை எழுப்பாத. இந்த உடம்பு எளைக்கற சாதியில்ல" என்று அவர் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் இந்தப் பனியன் தொளதொளத்தது.

முதலாளி அதற்குள் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"நான் சரியாத்தான் வெட்டுனனுங்க. டேப் வெச்சுக் காட்டட்டுங்களா?"

"டேப்பத் தூக்கிக் குப்பைல போடு. கிட்டுசாமி உடம்பு பொய் சொல்லுமா? வெளுக்கப் போன எடத்துல துணி விரிஞ்சிருச்சு. தேய்க்கற மிஷின்ல துணியோட அகலத்த ஒரு அங்குலம் கொறைக்கச் சொல்லு."

அந்த நேரத்தில் கிட்டுசாமி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடம்பு கொடுக்கும் வேலை போகும். அதோடு, இளைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தை ஒருநாளாவது தனியாக வைத்துக்கொள்ள ஆசையாகவும் இருந்தது. பனியனைக் கழற்றிக் குவியலில் போட்டுவிட்டுச் செக்கிங்குக்குப் போனார்.

மறுநாள் நாலரை மணிக்கே எழுந்தார். தண்டால் பத்தானது, இருபதானது. பழைய கர்லாக்கட்டை ஒன்றைத் தேடி வாங்கிவந்து சுழற்றினார். சாயங்கால வடையை நிறுத்தினார். குறைத்த துணியில் வந்த பனியன் முதலில் கச்சிதமாக இருந்தது. ஒரு மாதத்தில் அதுவும் தளர்ந்தது.

"மறுக்கா விரிஞ்சிருச்சே!" என்று தலையில் கைவைத்தார் முதலாளி. "இன்னொரு அங்குலம் கொறை!"

ஐப்பசியில் கரூரிலிருந்து சரக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: 'தங்கள் பனியனைப் போட ஒரு ஆளும் கழற்ற இரண்டு ஆளும் வேண்டியிருக்கிறது.'

முதலாளி கடிதத்தை நாச்சிமுத்துவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "டேப்பக் கழட்டி வெச்சுட்டு ஊட்டுக்குப் போ. நாளைல இருந்து வர வேண்டாம்."

நாச்சிமுத்து டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். அவர் அதைச் சுருட்டி மேசைமேல் வைப்பதைக் கிட்டுசாமி பார்த்தார்.

"மொதலாளி, மாஸ்டர் மேல தப்பில்லீங்க. துணி விரியலீங்க, நான் எளைச்சுட்டனுங்க."

கம்பெனியே திரும்பிப் பார்த்தது. முதலாளி கடிதத்தைக் கீழே இறக்கினார்.

"யாரக் கேட்டுடா எளைச்ச?"

"டாக்டர் சொன்னாருங்க…"

"டாக்டரா பனியன் விக்கறாரு? ஒரு மாசம் டைம் தாரேன். பழைய உடம்போட வந்து நில்லு."

அன்று முதல் கம்பெனிச் செலவில் காலையில் நெய்த் தோசை, பதினோரு மணிக்குக் கெட்டித் தயிரும் வாழைப்பழமும், சாயங்காலம் போண்டா. சாப்பிட்டு முடிக்கும்வரை, வேலை தப்பிய நாச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்கார வைத்தார் முதலாளி.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கும் குடும்பம் இருக்குதுங்க. இன்னொரு தோசை போட்டுக்கங்க" என்பார் நாச்சிமுத்து பரிதாபமாக.

தின்றதைக் கரைக்க வேண்டுமே என்ற பயத்தில் கிட்டுசாமி தண்டாலை இரட்டிப்பாக்கினார். கர்லாக்கட்டையும் ஒன்று போய் இரண்டானது. மாதம் முடிந்து நாற்பதாம் நம்பரை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, தோளிலும் மார்பிலும் பனியன் விறைத்துத் தெறித்தது. இடுப்பில் கொடியில் காயப் போட்டதுபோல ஆடியது.

முதலாளி முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். "மேல நாப்பத்திரண்டு. கீழ முப்பத்தாறு. தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஆளு எத்தன பேரு இருப்பான்? நான் யாருக்குன்னு பனியன் போடறது?"

அடுத்த நாள் மதுரை வியாபாரி சரக்கு பார்க்க வருவதாக இருந்தது. வேறு வழியில்லாமல் கிட்டுசாமியின் இடுப்பில் வெட்டுத் துணிகளைச் சுற்றிக் கட்டி, மேலே பனியனை மாட்டிவிட்டார் முதலாளி. பார்வைக்குப் பழைய கிட்டுசாமிதான்.

"பாருங்க, எப்படி உக்காந்திருக்குதுன்னு. கையத் தூக்கு கிட்டு."

கிட்டுசாமி கையைத் தூக்கினார். முடிச்சு நெகிழ்ந்தது. பனியனுக்கடியிலிருந்து ஒரு துணி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமாக.

வியாபாரி எழுந்துகொண்டார். "வயிறே கழண்டு விழுதுங்களே, இங்க சரக்கு எப்படி நிக்கும்? நான் வாரேன் அண்ணாச்சி."

அவர் தலை மறைந்ததும் முதலாளி கத்தவில்லை. அதுதான் கிட்டுசாமிக்குப் பயமாக இருந்தது. "நாளைக்குக் காலைல ஒரு முடிவு சொல்லு. வயிறோட வந்தா வேலை. இல்லீன்னா வேற எடம் பாத்துக்க."

சாரதாமணி கொள்ளு ரசம் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"போன ஞாயித்துக்கெழமை சிவன்மலைப் படி முழுக்கப் பாப்பாவத் தோள்ல வெச்சுட்டு ஏறுனேன்" என்றார் கிட்டுசாமி. "மேல போனதும், 'அப்பா, மறுக்கா ஏறலாமா'ன்னு கேட்டா. எங்கப்பா என்னை ஒருநாளும் தூக்குனதில்ல. பாசமில்லாம இல்ல. மூச்சில்ல அவருக்கு."

சாரதாமணி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பிறகு, "இந்த ஊர்ல கம்பெனிக்கா பஞ்சம்? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

காலையில் கிட்டுசாமி முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்றார். "வயித்தத் திருப்பிக் கொண்டாற முடியாதுங்க. பன்னெண்டு வருசம் சோறு போட்டீங்க, மறக்க மாட்டனுங்க. நான் கெளம்பறனுங்க."

முதலாளி அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை பனியன் பார்க்கிற பார்வையாக இல்லை.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கறதில்லையா?"

"இல்லீங்க."

"ராத்திரி தூக்கம்?"

"படுத்தாப் போதுமுங்க."

முதலாளி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அது மேசையின் விளிம்பில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"ஆத்துப் பக்கம் எத்தன மணிக்குப் போற?"

"அஞ்சுக்குங்க."

"நாளைக்கு நம்மூட்டு வழியா வா." குரலை இறக்கிக்கொண்டார். "ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். செக்கிங்கப் போய்ப் பாரு. நாச்சிமுத்துவ இனி டேப்பு வெச்சே அளக்கச் சொல்லு."

கிட்டுசாமி வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. மடிப்புப் பகுதியில் பனியன்களை அடுக்கி நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த மருதாள், அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"அண்ணா, வேலை…?"

"போகல தாயி. மொதலாளியே நாளைல இருந்து நடக்க வாராராம்."

மருதாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லவேளைங்க. மூணு மாசமா எனக்குச் சோறே எறங்கலீங்க."

"உனக்கு எதுக்கு இந்தக் கவலை?" கிட்டுசாமி சிரித்தார். "ஒண்ணு சொல்லட்டா? நான் எல்லாத்தையும் விட்டுட்டுப் படுத்துட்டேன். அன்னிக்கு அந்த மொதப் பனியன் தொளதொளக்காம இருந்திருந்தா மறுபடி எந்திரிச்சே இருக்க மாட்டேன். ஐம்பது நாள் பட்ட பாடு வீண் போகலன்னு அதுதான் காட்டுச்சு."

மருதாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது நாப்பத்திரண்டாம் நம்பருங்கண்ணா. சாரதாமணியக்கா வந்து அழுதாங்கன்னு நாந்தான் சீட்ட மாத்தி ஒட்டினேன்."