தகவலுக்கு மட்டும்

"'கப்பலை அனுப்புவோம்'னு எழுதினா வெண்டல் கையெழுத்துப் போட மாட்டார். 'அனுப்ப மாட்டோம்'னு எழுதினா மார்ஷா மேடம் போட மாட்டாங்க. நான் என்னத்தைத்தான் எழுதித் தொலைக்கறது?"

லோவல் தலையில் கைவைத்துக்கொண்டான். வாஷிங்டனில் அமைச்சருக்கு உரை எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. கர்வாலியா நாட்டில் ஒரு தளபதி துறைமுக நகரைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தான். 'ஹார்டிங்டன்' போர்க்கப்பல் அங்கே போகுமா என்று நாலு மணிக்கு அமைச்சர் பேச வேண்டும். ஆலோசகர்கள் மார்ஷாவும் வெண்டலும் கையெழுத்திடாமல் ஒரு வரிகூட வெளியே போகாது. போகாவிட்டால் லோவலை மீன்பிடி ஒப்பந்தப் பிரிவுக்குத் தூக்கியடித்துவிடுவார்கள்.

"ஜனங்க பட்டினியில சாகறாங்க! மனசாட்சி வேண்டாமா?" மார்ஷா மேசையைத் தட்டினாள்.

"மனசாட்சியை ஏத்திட்டுப் போற கப்பல் திரும்பி வர இருபது வருஷம் ஆகும், மேடம். நமக்கு அங்கே என்ன லாபம்?" என்றார் வெண்டல்.

லோவல், 'கப்பல் போகும், ஆனால் சுடாது' என்று எழுதினான்.

"அப்புறம் எதுக்குப் போகணும்? வேடிக்கை பார்க்கவா?" என்றாள் மார்ஷா.

பதற்றத்தில், 'சுடும், ஆனால் போகாது' என்று மாற்றிவிட்டான்.

"இது தேவலை" என்றார் வெண்டல்.

மூலையில் கடற்படையின் கமாண்டர் டாயல் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். உரையைப் பார்ப்பவர்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'தகவலுக்கு மட்டும்' என்று இருந்தது. அப்படிப்பட்டவருக்குக் காகிதம் வரும். கேட்காமல் அவர் வாய் திறக்கக் கூடாது. இருந்தும் இரண்டு முறை கையைத் தூக்கினார்.

"கமாண்டர், நீங்க தகவலுக்கு மட்டும்!" என்று மார்ஷாவும் வெண்டலும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

நாலுக்குப் பத்து நிமிடம். லோவல் வெறிபிடித்தவன்போல் எழுதியதையெல்லாம் கோடு போட்டு அடித்தான். மிஞ்சியது ஒரே வரி: 'ஹார்டிங்டன் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.'

கப்பல் போய்விட்டது என்று புரிந்துகொண்டு மார்ஷா கையெழுத்திட்டாள். போகவில்லை என்று புரிந்துகொண்டு வெண்டலும் கையெழுத்திட்டார். அமைச்சர் அதைக் கண்ணிமைக்காமல் படித்தார்.

ஐந்தரைக்குச் செய்தி வந்தது. தளபதி முற்றுகையை விட்டுவிட்டு ஓடிவிட்டான்!

"நியாயம் ஜெயிச்சுது!" என்று மார்ஷா லோவலைக் கட்டிக்கொண்டாள்.

"பயம் ஜெயிச்சுது, மேடம்!" என்று வெண்டல் அவன் முதுகில் அறைந்தார்.

லோவலுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கமாண்டர், இனிமே கப்பலைத் திருப்பிக் கூப்பிட்டுடலாமா?"

டாயல் வாயைத் துடைத்துக்கொண்டார். "கேட்டதால சொல்றேன் சார். அது நாலு மாசமா இங்கே நம்ம நார்ஃபோக் துறைமுகத்துல கரையேறி நிக்குது, இன்னிக்குத்தான் ரெண்டாவது கோட் பெயிண்ட் அடிக்கறாங்க."