என் பதிமூன்று கணவர்களும் ஒரு தண்ணீர் லோரியும்

என்னைப் பதிமூன்று பேருக்கு மனைவியாக்கியது எங்கள் வட்டாரத்து நகராட்சி அலுவலகம். இதை நான் ஒளிவுமறைவாகச் சொல்லவில்லை. அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன், ஒலிபெருக்கியிலும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுத்திலும் சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தியது என் விரல்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண் ஒரே நாளில் பதிமூன்று கல்யாணம் செய்துகொண்டால், பதிவு செய்கிற அலுவலகம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. பாராட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது. சிம்பாங் ரெங்கத்தில் இருந்து லாயாங் லாயாங் போகிற பக்கத்தில் எங்கள் தாமான் (வீட்டுக் குடியிருப்பு). எங்கள் சந்தில் நாற்பத்து மூன்று வீடு. பாதிப் பேர் செம்பனைத் தோட்டம் மூடியதும் குடிவந்தவர்கள். நான் தொழிற்சாலையில் லைன் லீடர், குடியிருப்பாளர் சங்கத்தில் செயலாளர். (போட்டியின்றித் தேர்வு. வேறு யாரும் கை தூக்கவில்லை.) முப்பது பெண்களை மேய்க்கிறவளுக்கு உலகமே ஒரு லைன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய பரமேஸ்வரியை இப்போது பார்த்தால் காதைப் பிடித்துத் திருகுவேன்.

அந்த வருடம் நகராட்சி ஒரு செயலி கொண்டுவந்தது. இனிமேல் தண்ணீர் தடைப்பட்டால், குப்பை எடுக்காவிட்டால், வெள்ளம் வந்தால், எல்லா உதவியும் இந்தச் செயலியில் இருக்கிற தகவலைப் பார்த்துத்தான் வருமாம். ஒரு வீட்டுக்கு ஒருவர் பதிந்தால் போதும். எந்தச் சந்து முதலில் முழுசாகப் பதிகிறதோ, அந்தச் சந்துக்குப் பொது மண்டபத்தில் பாராட்டு.

பாராட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன்.

முதல் வீடு முனியாண்டி அங்கிள். எண்பத்தொரு வயது. அவருடைய கைப்பேசியில் எண்ணைப் போட்டேன். சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதுதான் டேக் நம்பர். வந்தது. அங்கிள் கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அங்கிள், என்ன நம்பர்?"

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"டேக் நம்பர யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு ரேடியோவுல தினமும் சொல்றான். சொன்னா பேங்க்ல இருக்கிறதெல்லாம் போயிடுமாம்."

"அங்கிள், நான் பரமேஸ். பதினெட்டு வருசமா எதிர் வீட்டுல இருக்கேன்!"

"ஏமாத்துறவங்க எல்லாம் தெரிஞ்சவங்கதான்னும் ரேடியோவுல சொன்னான் லா."

அவர் மனைவி பச்சையம்மா ஆன்ட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "சொல்லாதீங்க! போன மாசம்தான் லாபிஸ்ல என் தம்பி சம்சாரம் ஏமாந்துச்சு!"

இரண்டாம் வீட்டிலும் இதே கதை. மூன்றாம் வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பேசினார்கள். மோசடிக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று அரசாங்கம் பல வருடமாகச் சொன்ன அறிவுரை எங்கள் சந்தில் மட்டும் நூறு விழுக்காடு வெற்றி. ஐசி அடையாள அட்டையைக் கொடுத்தார்கள், பிறந்த தேதி சொன்னார்கள், கேட்காமலேயே இரத்த அழுத்தமும் சொன்னார்கள். டேக் நம்பர் மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்வதுபோலத் தோன்றும். செய்யாது. அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: எல்லாருக்கும் என் கைப்பேசி எண்ணையே போட்டுவிட்டால் என்ன?

செயலி ஏற்றுக்கொண்டது! இரண்டாவது பெயரில் இருந்து புதிதாக ஒரு கட்டம் வந்தது. 'உறவு' என்று கேட்டது. அதில் ஏற்கெனவே 'கணவர்' என்று இருந்தது. அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. இயந்திரம் ஏதோ கேட்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். முதல் நாள் பதிமூன்று வீடு. பதிமூன்று 'கணவர்'. இரண்டாம் நாள்தான் அந்தக் கட்டத்தை அழுத்தினால் வேறு சொற்களும் வரும் என்று கண்டுபிடித்தேன். மிச்சம் இருபத்தொன்பது பேரையும் 'பிள்ளை' என்று போட்டேன். எழுபத்தாறு வயது சுப்பம்மா ஆன்ட்டி எனக்கு மகளானார். எனக்கு அப்போது நாற்பத்தாறு.

என் வீட்டுக்கு நானே பதிந்திருந்தேன். அதனால் என் கணவர் மணியத்தைப் பதியவில்லை. வீட்டுக்கு ஒருவர் போதுமே.

இரண்டே நாளில் நாற்பத்து மூன்று வீடும் முடிந்தது. நாற்பத்து மூன்று பெயரைப் பார்த்து, சனிக்கிழமை பாராட்டு என்று அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. நான் புதுச் சேலை எடுத்தேன்.

வியாழக்கிழமை பெரிய குழாய் உடைந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லை.

யாரும் பதறவில்லை. "நம்ம சந்துதான் முதல்ல பதிஞ்சது, நமக்குத்தான் லோரி முதல்ல வரும்" என்று நான் எல்லாரிடமும் அளந்துவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் லோரி வந்தது. நாற்பத்து மூன்று வீட்டு ஆட்களும் வாளி, குடம், நீலத் தோங் (பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்) எல்லாவற்றோடும் வரிசையில் நின்றார்கள். நான் முன்னால், கைப்பேசியைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு.

லோரி ஓட்டி வந்த சேகர் நம்ம ஆள்தான். என் கைப்பேசியில் வந்திருந்த கறுப்பு வெள்ளை கியூஆர் கட்டத்தை டேப்லெட்டில் காட்டினான். பச்சை விளக்கு. என் வீட்டுத் தோங் நான்கையும் நிரப்பினான். குழாயை மூடினான்.

"அடுத்தது முனியாண்டி அங்கிள்," என்றேன். அதே கட்டத்தை மறுபடி காட்டினேன்.

சிவப்பு விளக்கு.

"யக்கா, உங்க குடும்பத்துக்குக் கொடுத்தாச்சு."

"இது அங்கிளோட குடும்பம் தம்பி."

"இல்லக்கா. ஒரு போன் நம்பருக்கு ஒரு குடும்பம். சிஸ்டம்ல இந்தச் சந்துல ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கு. கொஞ்சம் பெரிய குடும்பம்." டேப்லெட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தான். வாய் கோணியது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாகரிகத்துக்காக அவனுக்கு இன்றுவரை தீபாவளிக்கு முறுக்கு போகிறது.

"சேகரு, ஆளுங்க கண்ணு முன்னால நிக்கிறாங்க. எண்ணிப் பாத்து ஊத்து!"

"அலமாக், பச்சை எரியாம குழாயத் திறந்தா என் வேலை போயிடும்க்கா."

லோரி போய்விட்டது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரோடு போனது. என் வீட்டு வாசலில் நான்கு தோங் நிறைந்திருந்தது. நாற்பத்து இரண்டு வீடு காலி வாளியோடு என்னைப் பார்த்தது.

"செயலாளர் வீட்டுக்கு மட்டும் தண்ணி. நல்ல சங்கம்," என்றது ஒரு குரல்.

"டேக் நம்பர் கேட்டப்பவே எனக்குத் தெரியும்," என்றார் பச்சையம்மா ஆன்ட்டி.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். திருடி என்று யாரும் நினைத்ததில்லை. நாலு வீடு தள்ளியிருக்கிற லெட்சுமி பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவள் கணவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. முதல் தோங்கை நானும் மணியமும் அவள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனோம். மிச்சம் மூன்றையும் குவளையால் அளந்து மற்ற வீடுகளுக்குப் பங்குபோட்டேன். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. ஆனாலும் யாரும் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை. புதுச் சேலையைக் கட்டவில்லை. குளிக்காத உடம்பு, தொழிற்சாலைச் சட்டை, கையில் காலி வாளி. அப்படியே மண்டபத்துக்குப் போனேன். பின்னால் எங்கள் சந்தே வந்தது. எனக்கு ஆதரவாக இல்லை, நான் மாட்டுவதைப் பார்க்க.

மேடையில் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் செயலியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். மலாயில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். "தகவல் இருந்தால் தவறு நடக்காது. உதாரணத்துக்கு, முழுசாகப் பதிந்த முதல் சந்தின் செயலாளர் புவான் பரமேஸ்வரி வந்திருக்கிறார். அவருடைய பதிவையே நேரடியாகத் திறந்து காட்டுகிறேன்."

"வேணாம்," என்றேன் நான். யார் காதிலும் விழவில்லை.

திறந்தார். சுவர் அளவு திரை.

குடும்பத் தலைவி: நான். கீழே பட்டியல். முனியாண்டி, வயது எண்பத்தொன்று, உறவு: கணவர். அடுத்தவர், கணவர். அடுத்தவர், கணவர். பிறகு யாரோ சத்தம்போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். "நாலு... அஞ்சு... ஆறு..." ஒன்பதாவது கணவர் லெட்சுமி. (ஆம், பிள்ளை பெற்று ஒன்பது நாளான அதே லெட்சுமி. அவளும் எனக்குக் கணவர்.) பதிமூன்றில் நிறுத்தினார்கள். பிறகு என் இருபத்தொன்பது பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மூத்த மகளுக்கு என்னைவிட முப்பது வயது அதிகம்.

பச்சையம்மா ஆன்ட்டி பக்கத்தில் இருந்த முனியாண்டி அங்கிளைத் திரும்பிப் பார்த்தார். "இது எப்பலேர்ந்து?"

"ஏய், சத்தியமா எனக்குத் தெரியாதுடி! நான் டேக் நம்பர்கூடச் சொல்லல!"

மண்டபம் வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியில் இருந்தே விழுந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில், பின் வரிசையில் இருந்து என் கணவர் மணியத்தின் குரல் கேட்டது. அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், இயற்கையாகவே உரத்த குரல். திரையை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி. என் பேர் எங்கே?"

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேடை ஏறினேன். வாளியைக் கீழே வைத்தேன். அதிகாரி கையில் இருந்து மைக்கை வாங்கினேன். (பிடுங்கினேன் என்று சொல்பவர்களும் உண்டு.)

"தப்பு என்னுதுதான். யாரும் டேக் நம்பர் சொல்லல, நான் என் நம்பரப் போட்டேன். பதிமூணு பேரக் கட்டிக்கிட்டேன். அதுல ஒண்ணு பொம்பள. என்னைவிட முப்பது வயசு மூத்த பிள்ளை பெத்துக்கிட்டேன். இதெல்லாம் நான் செஞ்சது. சரி, நீங்க என்ன செஞ்சீங்க? ஒருத்தராவது இதத் திறந்து பாத்தீங்களா?" தமிழில் ஆரம்பித்து, பாதியில் அவருக்குப் புரியட்டும் என்று மலாய்க்கு மாறினேன்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "அக்கா, சிஸ்டம் ஏற்றுக்கொண்டால் தகவல் சரி என்றுதான் பொருள்."

"அப்படியா? எங்கள் சந்தில் எத்தனை வீடு?"

திரையைப் பார்த்தார். "ஒன்று."

"போன மாதம் எங்கள் சந்துக்கு எத்தனை வீட்டு வரி பில் அனுப்பினீர்கள்?"

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார்.

"நான் சொல்கிறேன். நாற்பத்து மூன்று! பெயர் பிழை இல்லை, கதவு எண் பிழை இல்லை, ஒரு நாள் தாமதம் இல்லை. வரி கேட்கும்போது நாற்பத்து மூன்று வீடு, தண்ணீர் கொடுக்கும்போது ஒரு வீடா? அந்தப் பட்டியலும் உங்கள் அலுவலகத்தில்தானே இருக்கிறது? மாடியில் வரிப் பிரிவில் இருக்கிறதைக் கீழே கொண்டுவர உங்களுக்கு என்ன வலி?"

முதலில் கைதட்டியது பச்சையம்மா ஆன்ட்டி. "பேசு பரமேஸு! நீ எங்க வீட்டுக்காரரையே வச்சுக்க, தண்ணி வந்தா சரி!"

அதற்குப் பிறகு யாராலும் மண்டபத்தை அடக்க முடியவில்லை. மற்றச் சந்துக்காரர்களும் எழுந்தார்கள். அவர்களிலும் மகன் எண்ணில் பதிந்தவர்கள், மருமகள் எண்ணில் பதிந்தவர்கள் இருந்தார்கள். முன் வரிசையில் இருந்த மூத்த அதிகாரி எழுந்து, அங்கேயே கைப்பேசியை எடுத்துப் பேசினார். மதியச் சோற்று வேளைக்குள் எங்கள் தாமானுக்கு மூன்று லோரி வந்தது.

முதல் லோரியில் சேகர். "யக்கா, இன்னிக்கு டேப்லெட் வேணாம்னுட்டாங்க. வீட்டு வரி லிஸ்டப் பாத்து நீங்க கூப்பிடுங்க, நான் ஊத்துறேன்."

கூப்பிட்டேன். கதவு எண் ஒன்றில் இருந்து நாற்பத்து மூன்று வரை. முதல் தண்ணீர் மட்டும் வரிசையை மீறி லெட்சுமி வீட்டுக்கு. யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாத் தோங்கும் வழிந்தது. அன்று சந்து முழுக்கச் சோப்பு வாசனை. முனியாண்டி அங்கிள் தலை துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, "குடும்பத் தலைவி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் உரியவில்லை.

இரண்டு மாதத்தில் செயலியை மாற்றினார்கள். இப்போது கைப்பேசி எண்ணை வைத்து வீட்டை எண்ணுவதில்லை, வீட்டு வரிக் கணக்கு எண்ணை வைத்து எண்ணுகிறார்கள். பதிவுகளைப் பார்க்க ஓர் ஆளும் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை தண்ணீர் தடைப்பட்டபோது எங்கள் சந்தில் நாற்பத்து மூன்று பச்சை விளக்கு எரிந்தது. லெட்சுமியின் மகளுக்கு இப்போது ஐந்து வயது. என்னை 'அம்மாவோட பொண்டாட்டி' என்று அழைக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மணியத்துக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தினமும் காலையில் காப்பிக்கு உட்காரும்போது கேட்பார்: "இது எனக்கா, இல்ல பட்டியல்ல இருக்கிறவங்களுக்கா?"

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. போன மாதம் நகராட்சி மண்டபத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். செயலியில் இருந்த குறையை 'அலுவலகத்தின் உள் ஆய்வு' கண்டுபிடித்ததாம். எந்த உள் ஆய்வு? காலி வாளியோடு மேடை ஏறியது எந்த அலுவலகம்?

இன்னொன்று. சந்தில் எல்லாருடைய பதிவையும் பிரித்துத் திருத்தினார்கள். என்னுடைய பழைய பதிவை மட்டும் யாரும் தொடவில்லை. நேற்றுகூடத் திறந்து பார்த்தேன். பதிமூன்று பேரும் இருக்கிறார்கள். மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் ஒரே பதில்: 'நடவடிக்கையில் உள்ளது.'

ஆகவே அந்தக் கண்ணாடி போட்ட அதிகாரி அதே மண்டபத்துக்கு வரட்டும். அதே திரையைப் போடட்டும். ஊர் முன்னால், ஒலிபெருக்கியில், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். குறையைக் கண்டுபிடித்தது யார்? முப்பது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிற மணியம், உங்கள் சிஸ்டத்தில் என்றைக்கு எனக்குக் கணவராவார்?