பச்சை மரச் சட்டம்

மனைவியின் ஓவியப் பைத்தியத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார். கூடம் போயிற்று. சாப்பாட்டு மேசை போயிற்று. இப்போது ஆளுயரப் படங்களாக வரையப் போகிறாளாம். அடுத்தது அவர் மதியம் தூங்கும் அறைதான் என்பது அவருக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது.

கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டும் சட்டத்துக்கு மரம் வாங்கிவர அவரே முன்வந்தார். "நீ எதுக்கு அலையணும்?" என்றார், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மரக்கடை முதலாளி நல்ல மனுஷர். கணு இல்லாமல், இழை நேராக ஓடும் காய்ந்த பைன் மரத்தை எடுத்துக் காட்டினார். கனமும் இருக்காது, கோணவும் செய்யாது என்றார். நம்மவரோ மூலையில் ஈரத்தோடு கிடந்த கட்டைகளைக் கேட்டார்.

"சார், அது பச்சை மரம். காயக் காய முறுக்கிக்கும். படமே கோணிப் போயிடும்."

"அதான் வேணும்."

வீட்டில் மனைவி ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் நோட்டம் விட்டாள். கத்தப்போகிறாள் என்று நினைத்த அவர், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தார். அவளோ புகழ்ந்தாள். மரம் அருமையாம். கொஞ்சம் ஈரம், அவ்வளவுதானாம். வெயில் படாமல், காற்றோட்டமாக, சமமான இடத்தில் படுக்கவைத்தால் சரியாகிவிடுமாம்.

வீட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. அன்று மாலையே அவருடைய கட்டிலில் மரம் படுத்துக்கொண்டது. கோணாமலிருக்க மேலே பாரம் வேறு. அவர் கூடத்து நாற்காலியில், டர்பென்டைன் வாடையில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். மரம் முறுக்கிக்கொள்ளவில்லை, அவர் கழுத்துதான் முறுக்கிக்கொண்டது.

ஒரு வாரம் தாங்கினார். பிறகு மரக்கடைக்குப் போய், அதே பைன் மரத்தைத் தோளில் சுமந்து வந்தார். அந்த வீட்டில் சட்டம் போடுவது எப்போதும் அவள்தான். இந்தத் தடவை ஆணி எடுத்துக் கொடுத்தது அவர்.

துணி கட்டி முடிந்ததும், இனிமேல் கட்டிலைக் காலி பண்ணலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

மனைவி துணியின் இறுக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அது பாட்டுக்குக் காயட்டுங்க. அடுத்த வருஷப் படத்துக்கு ஆகும்."