பாலம் தாண்டாத பிப்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. தெற்கு ஆஸ்திரேலியாவின் குரின்டாவில் ஆடு மேய்க்கும் நாய்களுக்கான போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த பத்தொன்பது நாய்களில் பதினெட்டு, பெயர் வாசிக்கும் நேரத்தில் மைதானத்தில் இருந்தன.

பத்தொன்பதாவது, அதே நேரத்தில், ஒரு பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி கண்ணு, அந்தப் பாலத்தை மட்டும் தாண்டிடேன்," என்று கெஞ்சினார் க்ளெம் ட்ரெகென்சா.

பிப் கேட்பதாக இல்லை.

பிப், க்ளெமின் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த, கெல்பி என்ற ஆட்டுநாய் இனத்தது. வாழ்நாள் முழுக்கச் செம்மறிகளோடு கிடந்த க்ளெம் இப்படியொரு நாயைக் கண்டதில்லை. அது குரைக்காது, கடிக்காது. முட்ட வரும் கிடாவை வெறுமனே பார்க்கும். கிடா, வேறெங்கோ அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பி நடக்கும். குரின்டாவில் ஜெயிக்கும் நாய்க்கு மாநில அணியில் இடம். ஜெயிப்பதைப் பற்றி க்ளெமுக்குக் கவலையே இல்லை. போய்ச் சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

பண்ணைக்குள் அதே வண்டியின் பின்தட்டில் பிப் ராணிபோல நின்று வரும். ஒவ்வொரு வேலியிலும் க்ளெம் இறங்கிக் கேட்டைத் திறப்பார், வண்டியை நகர்த்துவார், மறுபடி இறங்கி மூடுவார். அதுவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பண்ணையின் வாசல் கேட்டைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறினால் மட்டும், பின்பக்கம் திரும்பிக்கொண்டு நடுங்கும், ஊளையிடும், எச்சில் ஒழுகும். குரின்டா போகும் வழியிலுள்ள பாலம் வருவதற்குள் க்ளெம் மனம் பொறுக்காமல் வண்டியைத் திருப்பிவிடுவார்.

தார்ச்சாலையின் இரைச்சல்தான் காரணம் என்று முதலில் நினைத்தார். அதனால் நெடுஞ்சாலையில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். பிப் இன்னும் நீளமாக ஊளையிட்டது. பின்னால் லாரிகள் வரிசை கட்டின. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "யோவ், இறங்கி நாயோட நடந்துடு. சீக்கிரம் போய்ச் சேருவே," என்றார்.

கால்நடை டாக்டர், ஓடுகிற காட்சி கண்ணில் படாமல் இருந்தால் நாய் அமைதியாகும் என்றார். க்ளெம் ஒரு கூண்டில் பிப்பை உட்கார வைத்துக் கம்பளியால் மூடினார். பாலத்துக்கு முன்பே கம்பளியில் பெரிய ஓட்டை விழுந்து, அதன் வழியே ஒரு தலை பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது முயற்சியில் மனைவி நொரீனும் கூட வந்தாள். நாயை அணைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, குமட்டலுக்கு நல்லது என்று இஞ்சி பிஸ்கட் ஊட்டினாள். பிப் துப்பியது. பின்னால் பார்த்தபடியே வந்ததில் நொரீனுக்குத் தலை சுற்றியது.

"பிஸ்கட் நல்லா கேக்குது," என்றாள், டப்பாவைக் காலி செய்தபடி. "எனக்கு."

அன்று நொரீன் வண்டியை விட்டு இறங்கவே தேவையிருக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பண்ணை வழக்கப்படி, டிரைவருக்கு அருகில் உட்காருபவர்தான் இறங்கிக் கேட்டைத் திறந்து மூட வேண்டும். நொரீனின் முழங்கால் அதற்கு இனி ஒத்துவராது என்பதால் வாசல் கேட்டுக்கு க்ளெம் போன மாதம் மோட்டார் போட்டிருந்தார். போட்டவன் கேவின். வேலை முடிந்ததும் அவன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். கேட் வழுக்கிக்கொண்டு திறந்த அழகில் லயித்திருந்த க்ளெம், எல்லாம் புரிந்தது என்று அவனை அனுப்பிவைத்தார்.

அதுமுதல் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அதே பெருமைதான். வீட்டில் இருந்தபடியே பட்டனை அழுத்துகிறாராம், போய்ச் சேர்வதற்குள் கேட் திறந்து நிற்கிறதாம். திரும்பி வரும்போதும் அப்படியே, ஒரு நொடி காக்க வைப்பதில்லையாம்.

கேட் விஷயத்தில் க்ளெம் கண்டிப்பானவர். சொந்தத் தம்பி லாயிட் எப்போதோ ஒரு கேட்டைத் திறந்தபடி விட்டுப் போனதற்காக, அவனோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இதற்கிடையே பிப், வண்டி நிற்கும் ஷெட்டில் படுப்பதையும் நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், வாசல் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"வண்டி நிக்கிற இடமே அதுக்கு ஆகலை, பாரு," என்றாள் நொரீன்.

க்ளெம் குற்ற உணர்ச்சியோடு சாயங்காலங்களில் சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தார். இருட்டில் பிப்பைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

கடைசியில் போட்டி நாளும் வந்தது. பிப்புக்குக் காற்று பட வேண்டும் என்று ஜன்னலைப் பாதி இறக்கியிருந்தார். அதுதான் அன்றைய தவறு. பாலத்தருகே வண்டி மெதுவானதும் பிப் ஜன்னல் வழியே குதித்து, வந்த திசையிலேயே ஓடியது.

க்ளெம் வண்டியைத் திருப்பினார். வாசலில் கேவினின் வேன் நின்றது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, திறந்த வழியை மறித்தபடி பிப் படுத்திருந்தது. அதற்கு எதிரே, முன்வயலில் விட்டிருந்த உயர்சாதிக் கிடாக்கள் அத்தனையும் தரையில் கோடு கிழித்ததுபோல ஒரே வரிசையில் நின்றன. ஒன்றுகூட ஓர் அடி முன்னால் வைக்கவில்லை.

கேவின் கருவிப் பெட்டியைக் கையில் வைத்தபடியே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதைப் போட்டிக்குக் கொண்டு போகலையா?"

"எங்கப்பா போறது? வண்டின்னாலே அதுக்குப் பயம்," என்றார் க்ளெம். "நீ எதுக்கு வந்தே?"

"மீதி வேலையை முடிக்கத்தான். இப்போதைக்கு இது திறக்க மட்டும்தான் செய்யும், மூடுறதுக்கு ஒரு பாகம் வரணும், அதுவரைக்கும் கையால மூடிக்குங்கன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றான் கேவின். "ஆமா, இத்தனை நாளா யாரு மூடினது?"

க்ளெம் கேட்டைக் கையால் இழுத்து மூடிக் கொக்கியை மாட்டினார். பிப் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தானாகவே வண்டியில் ஏறியது. பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டது.

அவர்கள் குரின்டா போய்ச் சேர்ந்தபோது பெயர் வாசித்து முடித்திருந்தார்கள். அந்த வருடம் மாநில அணிக்கு வேறு நாய் போனது. அன்று மாலை க்ளெம் தம்பி லாயிடுக்குப் போன் செய்தார்.