கொம்பையாவின் வண்டியில் வந்த 'கடக்'

ஒரு காட்டில், தார் ரோடு வந்து டோல்கேட் மட்டும் இன்னும் வராத ஒரு காட்டில், கொம்பையா என்கிற வெள்ளாட்டுக் கிடா பழைய பிக்கப் வண்டி ஒன்றில் தழைக்கட்டு ஏற்றிப் பிழைத்துவந்தது. சந்தைக்குப் போகிற வழியில் இடது பக்கமாக ஒரு கொண்டை ஊசி வளைவு. மேலே பாறை. பாறையில் சிறுத்தை. அந்த வளைவோடு கதை முடிந்துபோன மான்கள் ஏராளம். கொம்பையாவை மட்டும் சிறுத்தை தொட்டதே இல்லை.

"என் கொம்பைப் பார்த்தா அதுக்குக் குலை நடுக்கம்" என்று கிடா சொல்லும். காடே அதை நம்பியது. சந்தை டீக்கடையில் முதல் டீ கொம்பையாவுக்குத்தான்.

ஒரே ஒரு குறை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் முன்சக்கரத்துக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம்.

ஒருநாள் டீக்கடைக் குரங்கு கேட்டது: "ஏன் மாமா, வர்றது வண்டியா, இல்ல முட்டிவலிக்காரன் எவனாச்சும் மாடிப்படி ஏறுறானா?"

சந்தையே சிரித்தது. வீரனுக்கு இது பொறுக்குமா? வண்டி நேரே சடையன் என்கிற கரடியின் பட்டறைக்குப் போனது.

"நேராப் போறப்ப வருதா, ஒடிக்கிறப்ப வருதா?" என்றது கரடி.

"இடது பக்கம் ஒடிக்கிறப்ப."

கரடி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியது. டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டியது. அசையவில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டியது. கடக்.

"பக்கவாட்டில ஆடினா ஸ்டியரிங் ராடு. மேல கீழ ஆடுது, அப்ப சக்கரத்தைத் தாங்குற உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட். தேஞ்சுபோச்சுண்ணே. இப்படியே ஓட்டினா ஒருநாள் சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

கிடா பேரத்தில் இறங்கியது. முட்டிவிடுவேன் என்றது. வேறு பட்டறைக்குப் போகிறேன் என்று வாசல் வரை நடந்து, யாரும் கூப்பிடாததால் திரும்பி வந்தது. கடைசியில் கரடி சொன்னது: "கழட்டின பழசை எங்கிட்டயே விட்டுடுங்க. கூலியில பாதி தள்ளிடறேன்."

கழற்றின சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவன்தான் வண்டிக்காரன். இது கிடாவுக்கும் தெரியும். ஆனால் பாதிக் கூலி என்றதும் அதன் புத்தி புல் மேயப் போய்விட்டது.

மறுநாள் வளைவில் வண்டி பூனைபோலத் திரும்பியது. தொப்பென்று பானட் மேல் குதித்தது சிறுத்தை.

"என் கொம்பைப் பார்த்தியா?" என்றது கிடா.

"கொம்பை அப்புறம் துப்பிக்கிறேன். நீ திரும்புறப்பல்லாம் உள்ள எவனோ துப்பாக்கிக் குதிரையை இழுக்கிறான்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். இன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வரலையா?"

பயத்தில் கிடாவின் பல்லோடு பல் மோதியது. கடக்.

சிறுத்தை ஒரே தாவில் பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது. கிடா பட்டறை வரைக்கும் ரிவர்ஸிலேயே வந்தது.

"சடையா, பழசை எடுத்து மாட்டு."

"சக்கரம் கழண்டுடும்ணே."

"கழண்டா கழலட்டும். சக்கரம் என்னைத் தின்னாது."

"சரி. ஆனா புதுசை விட ரெண்டு மடங்கு ஆகும்."

"குப்பையில போடற சாமானுக்கா?"

கரடி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டது. "புதுசு எந்தக் கடையிலயும் கிடைக்கும்ணே. இந்த மாதிரித் தேஞ்சது பத்து வருஷம் ஓட்டினாத்தான் கிடைக்கும். அந்த வளைவுல நானும் வண்டி ஓட்டுறவன்தானே, எனக்குத் தெரியாதா? அதோ பாருங்க, அந்தக் கடமான் இதுக்காகக் காலையிலேருந்து நிக்குது."

கொம்பையா பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்தது.

அடுத்த நாள் வளைவில் 'கடக்'. பாறை மேல் யாரும் இல்லை. சந்தையில் குரங்கு, "முட்டிவலி திரும்பிடுச்சா மாமா?" என்றது.

"டீயை ஊத்துடா" என்றது கிடா.

நீதி: ஊரே உன் வீரத்தை மெச்சுகிறதா? முன்சக்கரத்தை மெக்கானிக்கிடம் காட்டாதே.