அக்செப்ட் சார் வீட்டு அலாரம்

உலகத்தில் வீட்டுக்கு அலாரம் வைத்தவர்கள் லட்சோப லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் அலாரம் அலறும்போது பதறாமல் எழுந்து, "அக்செப்ட்!" என்று சத்தமாகச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நோட்டில் நேரத்தை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதற்குப் பிறகுதான் திருடன் வந்திருக்கிறானா என்று பார்க்கப் போகிற மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தார். திருடன் கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்தால் அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் அது அவருடைய ஐடி கார்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் அக்செப்ட் சார்.

அனல்மின் நிலையத்துக் கன்ட்ரோல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டு பார்த்தவர். அங்கே சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். எங்கோ ஒரு பம்ப் சூடானால் ஒரு விளக்கு கண்ணடிக்கும், கூடவே ஹூட்டர் கத்தும். ஆபரேட்டர் முதலில் அக்செப்ட் பட்டனை அழுத்த வேண்டும். கத்தல் நின்றுவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். 'நீ கத்தியது காதில் விழுந்தது, வருகிறேன்' என்று அதற்குப் பொருள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்த பிறகுதான் ரீசெட். காரணம் தெரியாமல் ரீசெட்டை அழுத்துகிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

இந்தச் சட்டத்தை வீட்டிலும் அமல்படுத்தியிருந்தார்.

"ஏங்க, தொவரம்பருப்பு தீந்துபோச்சி."

"அக்செப்ட்."

"அக்செப்ட்டு பண்ணி மூணு நாளாச்சி. நானும் பருப்பில்லாத ரசமே வெச்சிக்கினு கெடக்கறேன். எப்ப ரீசெட்டு பண்ணுவீங்க?"

இப்படிக் கேட்பவர் அவர் மனைவி வள்ளியம்மா அக்கா. குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிராமம். மாதம் தவறாமல் பூசத்தன்று வடலூருக்கு பஸ் ஏறி, சபையில் ஜோதி பார்த்துவிட்டு வருவார். அக்காவுக்கு வருஷத்தில் கிடைத்த பன்னிரண்டு விடுமுறை அவைதான்.

அந்த வழக்கத்தில் மண் விழுந்தது ஒரு திருட்டால். பின் ரோட்டில் ஒரு குடும்பம் பட்டப்பகலில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், தோட்டத்துக் கதவு திறந்து கிடக்கிறது. பித்தளை அண்டா, மிக்ஸி, காஸ் சிலிண்டர் எதையும் காணோம். குக்கரும் போய்விட்டது. ஆனால் அதிலிருந்த சோற்றைத் தட்டில் கொட்டி, மேலே இன்னொரு தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தான். சோற்றுக்கு மரியாதை தெரிந்த திருடன்.

அன்றிலிருந்து வள்ளியம்மா அக்கா வீட்டை விட்டு நகரவில்லை. மூன்று பூசம் போய்விட்டது. மூன்று தடவையும் புடவை மாற்றி, பூ வைத்து, பஸ் ஸ்டாப் வரை போவார். பஸ் வரும். ஏறாமல் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மூன்றாம் தடவை கேட் அருகிலேயே நின்று அழுதுவிட்டார்.

"கால் போவ மாட்டேங்குது தம்பி. நான் போயிட்டா வூட்டை யாரு பாக்கறது?"

அக்செப்ட் சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் என்னிடம் வந்தார்.

"தைப்பூசத்துக்கு அவ வடலூர் போகணும். நிம்மதியா போகணும். அதான் சார் டார்கெட்."

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் என் மனைவியின் வேலைக்குக் கிடைத்தது. நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன். எங்கள் ரோட்டில் என் தொழிலுக்கு 'வூட்லதான் இருக்காரு' என்று பெயர். ஆகவே என்னைக் கேட்காமலே அலாரத்துக்கு அசிஸ்டென்ட் ஆக்கிவிட்டார்.

கடலூரிலிருந்து அலாரப் பெட்டி வந்தது. முன் கதவு ஜோன் ஒன்று, பின் கதவு ஜோன் இரண்டு. இரண்டிலும் காந்தம், கதவு விலகினால் கத்தும். ஹாலில் ஆள் நடந்தால் கண்டுபிடிக்கும் கண், ஜோன் மூன்று. படுக்கையறை ஜன்னலை யாராவது தட்டினாலும் பெயர்த்தாலும் அந்த அதிர்வில் கத்துகிற வெள்ளை டப்பா, ஜோன் நான்கு. வாசல் சுவரில் சைரன். அதற்குப் பல குரல்கள் உண்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். சார் யோசித்து, எங்கள் ஊர் ஷிப்டுச் சங்கு மாதிரியே இருந்த குரலைத் தேர்ந்தெடுத்தார்.

"இந்தச் சத்தத்துக்கு நெய்வேலில எழுந்திரிக்காதவன் உண்டா சார்?"

ஒருவரும் இல்லை என்பது உண்மைதான். காலை பதினொரு மணிக்குச் சோதனை ஓட்டம். சைரன் ஊளையிட்டது. எங்கள் ரோடே எழுந்தது. ஆனால் ஒருவர்கூட அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள் அவசர அவசரமாக உலை வைத்தார்கள். மைன்ஸில் நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மணி துள்ளி எழுந்து, லுங்கி பனியன் மேலேயே ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஷிப்டு பஸ் பிடிக்க ஓடினார். வராத பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்ற பிறகுதான் முழுத்தூக்கமும் கலைந்தது.

சார் நோட்டில் எழுதினார்: 'சோதனை 11.05. உதவிக்கு வந்தவர்கள்: இல்லை. வேலைக்குப் போனவர்கள்: ஒருவர்.'

குரலை மாற்றினார். அடுத்தது ரகசிய எண். வெளியிலிருந்து வந்தால் அரை நிமிடத்துக்குள் அதை அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் அலறும். அக்காவுக்கு மறக்கக்கூடாது என்று தன் ஊழியர் டோக்கன் நம்பரையே வைத்தார். முப்பது வருஷமாகக் கேன்டீனிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் ஒப்பித்துவந்த நம்பர். அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மணிக்குத் தெரியும், பால்காரருக்கும் தெரியும். எங்கள் ரோட்டில் அது தெரியாத ஒரே ஆள், அந்தத் திருடனாக இருக்கலாம்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான தலைவலி ஜோன் நான்கில் ஆரம்பித்தது. அக்காவைப் பழக்குவதற்காக மத்தியானம் அவரை எங்கள் வீட்டில் உட்கார வைத்து, அலாரத்தைப் போட்டுவிட்டு வருவார் சார். இரண்டு மணி வாக்கில் டாண் என்று அடிக்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் ஜன்னல் ஜன்னலாக இருக்கும், யாரும் இல்லை. அக்கா எங்கள் வீட்டில் என் மனைவியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

சார் விசாரணையில் இறங்கினார். முதலில் பேட்டரி மாற்றம். பிறகு சாம்பல் தூசு என்று சொல்லி டப்பாவைப் பிரித்து பிரஷ்ஷால் துடைத்தார். அடித்தது. திரைச்சீலையைக் கழற்றினார். அடித்தது. கடைசியில் ஜன்னல் மேல் வசித்த பல்லி மேல் சந்தேகம் விழுந்தது. அது சாப்பாட்டுக்குப் பிறகு உலாத்தப் போகிறது என்பது அவர் கணிப்பு. இருவரும் துடைப்பமும் அட்டைப் பெட்டியுமாக அதைப் பிடித்து, அவர் டிவிஎஸ்ஸில் மந்தாரக்குப்பம் வரை கொண்டுபோய் விட்டோம். அடுத்த நாளும் அடித்தது.

அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் அடிக்கலியே. பல்லிக்கு அன்னிக்கி லீவா?"

"அக்செப்ட்" என்றார் சார். முகம் வாடியிருந்தது.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது மணி வந்துவிட்டார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"சார், நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து மத்தியானம்தான் கண்ணு சொக்கும். கரெக்டா அப்பதான் உங்க மெஷின் கத்துது. மைன்ஸ்ல மிஷின் மேல நின்னுக்கினு தூங்கி விழுந்தா என்னாவறது? இன்னும் ஒரே ஒரு வாட்டி அடிச்சா நானே வந்து கழட்டிடுவேன். சொல்லிட்டேன்."

"நியாயம்" என்றார் சார். அதையும் நோட்டில் எழுதி மணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கடலூரிலிருந்து மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது, அளந்து பேசுகிறவர். ஒவ்வொரு ஜோனாக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஜோன் நான்கை மட்டும் போட்டுவிட்டு, "அடிக்கட்டும், பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்தார். அக்கா டீ கொடுத்தார். கடிகாரம் இரண்டைத் தாண்டியது. சைரன் அலறியது. சார் "அக்செப்ட்" என்று எழுந்தார். மெக்கானிக்கைக் காணோம். பார்த்தால் டீ கிளாஸோடு நடுரோட்டில் நிற்கிறார்.

"வெளிய வாங்க சார்! வெளிய வாங்க! பூகம்பம்!"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்கங்க?" என்றார் அக்கா.

"என்னம்மா எங்கன்றீங்க? இப்பதானே டமார்னு சத்தம் கேட்டுது? தரையே ஆடுச்சே! ஜன்னல் கடகடன்னு ஆடுச்சே!"

"அதுவா? அது மைன்ஸ்ல வெடி வெக்கறாங்க. ஞாயித்துக்கெழமை தவுத்து எல்லா நாளும்தான் வெக்கறாங்க. நாங்க பொறந்ததுலேருந்து..."

அக்கா பாதியில் நிறுத்தினார். சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். நிலக்கரிக்கு மேலே இருக்கிற பாறையை உடைக்க தினமும் வெடி வைக்கிறார்கள், தினமும் எங்கள் ஜன்னல்கள் ஆடுகின்றன. அது எங்களில் ஒருவர் காதிலும் விழுந்ததே இல்லை. கேட்பதற்குக் கடலூரிலிருந்து ஒரு காது வரவேண்டியிருந்தது. இந்த ஊரில் அந்த வெடியை மதித்தவை இரண்டே இரண்டு: மெக்கானிக்கும் ஜோன் நான்கும்.

சார் பேனாவை எடுத்து எழுதினார்: 'காரணம்: நெய்வேலி.'

மெக்கானிக் உள்ளே வந்து வெள்ளை டப்பாவைத் திறந்தார். அதற்குள் ஸ்பானரோடு மணி வந்து நின்றார். சைரனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டார். வள்ளியம்மா அக்கா குறுக்கே போய் நின்றார்.

"வாணாம் மணி. மெக்கானிக்கு எதையோ திருவி கொறைக்கிறாரு, இனிமே வெடிக்கு அடிக்காதாம். பூசம் வரைக்கும் வுட்டுடு, அதுவரைக்கும் போடவே மாட்டோம். அன்னிக்கி அடிச்சா நானே கழட்டி உன் கையில குடுக்கறேன். எனக்கு வடலூர் போவணும்பா."

மணி ஸ்டூலிலிருந்து இறங்கினார். "பூசம் வரைக்கும்தான்க்கா" என்றார்.

தைப்பூசத்தன்று ஷிப்டு ஒப்படைப்பு முறைப்படி நடந்தது. சாவி, நோட்டு, பேனா மூன்றையும் என்னிடம் கொடுத்துச் சார் கையெழுத்து வாங்கினார். அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தார். நடந்தார், திரும்பினார். சார் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அக்கா பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் நான் அவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மணி வந்தார், தூக்கத்தை விட்டுவிட்டு. பிறகு இரண்டு வீடு தள்ளியிருந்தவர்கள், பால்காரர் என்று ரோடே கூடிவிட்டது. நாங்கள் வாழ்நாளில் கவனிக்காத வெடிக்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வந்தது. நிஜமாகவே தரை ஆடியது. ஜன்னல்கள் கடகடத்தன. சைரன் வாயைத் திறக்கவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். பின்னால் வடலூர்க் கூட்டத்தின் இரைச்சல்.

"வெடி வந்துச்சா?"

"வந்துச்சு சார். சைரன் வரல."

"அக்செப்ட்!" இவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. போனை அக்கா வாங்கினார்.

"ஜோதி பாத்துட்டேன் தம்பி. கண்ணு நெறைஞ்சிபோச்சி. தம்பி, மனசு கேக்கல. அந்தப் பூட்டை மட்டும் ஒரு வாட்டி இழுத்துப் பாத்துடுங்க."

இழுத்தேன். சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன். கதவு அசைந்து காந்தம் விலகியது. அரை நிமிடத்தில் ஜோன் ஒன்று ஊரைக் கூட்டியது. சாவியைக் கீழே போட்டுத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தேன். மணிதான் உள்ளே பாய்ந்து டோக்கன் நம்பரை அழுத்தினார். எனக்கு உயிர் போய்விட்டது. வாக்குப்படி கழற்ற வேண்டுமே!

மணி தலையைச் சொறிந்தார்.

"இது கணக்குல வராதுங்க. வெடிக்கு அடிக்கலையே. நீங்க கதவைப் புடிச்சி இழுத்தீங்க, அதுக்கு அடிச்சிது. அதுக்குத்தானே வெச்சிருக்கு?" கொட்டாவி விட்டபடி தூங்கப் போனார்.

சாயங்காலம் சார் வந்து நோட்டில் எழுதிவைத்தது இன்னும் நினைவிருக்கிறது: 'முதல் உண்மையான அலாரம். பிடிபட்டவர்: எழுத்தாளர்.' அக்கா எனக்கு வடலூர் விபூதி பூசிவிட்டார். அதன் பிறகு ஒரு பூசத்தையும் அவர் தவறவிடவில்லை.

அடுத்த வருஷம் சார் ரிடையரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூருக்கே குடி போனார்கள். அக்கா பூட்டை இப்போது ஒரே ஒரு தடவைதான் இழுக்கிறாராம். அலாரமும் அங்கே சுவரில் இருக்கிறது, வெடிக்கு ஜன்னல் ஆடாத வீட்டில் அதிகம் வேலையில்லாமல்.

வியாதி எனக்குத்தான் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்காத வெடி இப்போது தினமும் கேட்கிறது. ஜன்னல் ஆடி அடங்கியதும் போன் அடிக்கும்.

"வெடி வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அக்செப்ட்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

போன வாரம் ஒருநாள் வெடி வந்தது, போன் வரவில்லை. பத்து நிமிடம் எழுத்து ஓடவில்லை. நானே கூப்பிட்டேன். அக்கா எடுத்து, "தருமசாலையில சோறு பரிமாறப் போயிருக்காரு தம்பி, போனை வூட்லயே வெச்சிட்டாரு" என்றார். சாயங்காலம் சார் கூப்பிட்டார்.

"கூப்பிட்டீங்களாமே. காரணம்?"

"காரணம் ஒண்ணும் இல்ல சார். உங்க குரலைக் கேக்கணும் போல இருந்துச்சு."

அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அக்செப்ட்" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.