பெயர் எழுதிய படங்கள்

சித்திரை ஏழாம் நாள், நீர்முனை நாட்டுத் தலைநகரின் பொதுப் பெட்டகத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மூளைப் படங்கள் இருந்தன. எதிலும் பெயர் இல்லை.

அந்நாட்டில் ஐந்து மருத்துவமனைகள். ஒன்றில் எடுத்த படத்தை மற்றொன்றின் கணினி திறக்காது. மூன்றாம் நிலை எழுத்தரான கயல்மணி பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, எல்லாவற்றையும் திறக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினார். அது முதலில் நோயாளியின் பெயரை அழிக்கும். பிறகு படத்தைப் பெட்டகத்தில் சேர்க்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆற்றின் அக்கரை நாட்டு மருத்துவர்களும் எல்லாப் படங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துப் போயிருந்தார்கள்.

படகோட்டி சடையனுக்கு வலிப்பு நோய். இருமுறை துடுப்போடு ஆற்றில் விழுந்ததால் உரிமம் போயிற்று. அவர் படத்தை மற்றப் படங்களோடு ஒப்பிட்டால் கோளாறு எங்கே என்று தெரியும். வைகாசியில் அறுவை சிகிச்சை என்றார்கள்.

அதற்குள் தரவுக் காவல் அமைச்சர் பார்வையிட வந்தார்.

“ஏம்மா, குடிமக்களோட மூளைய இப்படித் திறந்து போட்டிருக்கியே, அவங்களக் கேட்டியா?”

“எல்லாரும் சம்மதிச்சுக் குடுத்ததுதாங்க ஐயா. பேரைக்கூட அழிச்சிட்டோம்.”

“பேரே இல்லேன்னா யாரு சம்மதிச்சான்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?”

உரியவரின் கையெழுத்தின்றி எந்தப் படத்தையும் திறக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. உரியவர் யாரென்று தெரியவில்லை. எனவே குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு, மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு படத்திலும் பெயரையும் நோயையும் எழுதுமாறு இரண்டாம் ஆணை வந்தது. மக்கள் தம் படத்தைக் கண்டறிய வசதியாக, மூன்றாம் ஆணைப்படி அந்தப் பட்டியல் சந்தை வாசலில் ஒட்டப்பட்டது.

அந்த வாரம் நிச்சயித்த கல்யாணங்கள் இரண்டு நின்றன. ஓர் ஆசிரியைக்கு வேலை போயிற்று. மக்கள் வரிசையில் நின்று படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனி முடிவில் பெட்டகத்தில் மிஞ்சியது சடையனின் படம் மட்டும். அவர் மட்டும்தான் திறக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இப்ப எதோட ஒப்பிடுவாங்க அக்கா? என் மண்டைய என் மண்டையோடயேவா?” என்றார் சடையன்.

கயல்மணி சிரிக்கவில்லை. “அக்கரையில நம்ம படம் எல்லாம் இருக்கு, பேரில்லாம. நாளைக்குக் காலைல படகுக்கு வா.”

“நான் துடுப்புப் போடக் கூடாதே?”

“நான் போடறேன். நீ எப்படின்னு சொல்லு.”

படத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம் என்று நான்காம் ஆணை சொன்னது. பட்டப்பகலில், அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருவரும் ஆற்றைக் கடந்தார்கள். படகு மூன்று முறை வட்டமடித்தது.

அக்கரை மருத்துவமனையில் சடையனுக்கு எட்டாம் எண் கட்டில். ஏழாம் கட்டிலில் தலையில் கட்டோடு அமைச்சர் படுத்திருந்தார். அவைக் கூட்டத்தில் தமது சட்டத்தைப் புகழ்ந்து பேசும்போது வலிப்பு வந்து விழுந்தவரை அரசுப் படகில் கொண்டுவந்திருந்தார்கள். கோளாறு உள்ள இடம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது.

“யாரோட படங்க டாக்டர் அதெல்லாம்?” என்று அமைச்சர் கேட்டார்.

“தெரியாதுங்க. பேர் இல்ல.”

ஐப்பசி இரண்டாம் நாள் சடையனுக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. அமைச்சர் நலமாகப் பணிக்குத் திரும்பினார். கயல்மணி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நான்கு ஆணைகளும் நடைமுறையில் உள்ளன.